தண்ணீரின் மேல் ஒரு கதிரை

மாங்குளம் சந்திக்குச் சற்று வடக்கே, ஏ-ஒன்பது வீதியோரம், கமலாசனி அக்காவின் தேத்தண்ணிக் கடை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது, உளுந்து வடை பொரிகிற மணம்தான் பலகை. யாழ்ப்பாணம் போகிற சுற்றுலா வான்கள் அங்கே நிற்கும். வெள்ளைக்காரர்கள் இறங்கி, எதிரே சேற்றுக்குள் கிடக்கும் எருமையை நாலு பக்கமும் சுற்றி நின்று படம் பிடிப்பார்கள். இவர்கள் இவ்வளவு தூரம் எதற்கு வருகிறார்கள் என்று ஒருநாள் வான் சாரதியிடம் அக்கா கேட்டார். இயற்கையையும் கலாசாரத்தையும் பார்க்க வருகிறார்களாம். அக்கா எருமையைப் பார்த்தார், அது இயற்கை. அகப்பையும் கையுமாக நின்ற தன்னைப் பார்த்தார். அப்படியென்றால் கலாசாரம் தான்தான் என்று விளங்கிக்கொண்டார்.

அன்றைக்கு அவருக்கும் அந்த ஆசை தொற்றியது. கடைச் சுவரில் ஒரு கலண்டர் தொங்கியது. நோர்வேயில் இருக்கும் தம்பி மகன் ரூபன் எப்போதோ அனுப்பியது. அதில் ஒரு பெரிய குளம் வெள்ளையாக உறைந்து கிடக்க, அதன் நட்டநடுவில் ஒருவர் கதிரை போட்டு இருந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தார். வருடம் முடிந்தும் அக்கா அதைக் கழற்றவில்லை. முல்லைத்தீவிலிருந்து மீன் கொண்டுவரும் யூலிற்றாவுக்கு அந்தப் படத்தைக் கண்டாலே பிடிக்காது. கடலோடு பிறந்து வளர்ந்தவளிடம் இப்படிப் பொய் காட்டலாமா என்பது அவளுடைய வழக்கு.

"தண்ணிக்கு மேலை நடந்தது எங்கட ஆண்டவர் ஒராள்தான், கமலக்கா. அவரும் கதிரை கொண்டு போகேல்லை."

அக்கா வடையைப் புரட்டிப் போட்டார். ஆனால் அந்தக் குளத்தில் தானும் ஒருநாள் கதிரை போட்டு இருந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் எழுதிவைத்தார். அதற்கு முன் அவர் செய்த ஒரே நீண்ட பயணம், சண்டை முடிந்த வருடம், மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மாங்குளத்திலிருந்து கடற்கரை வரை நடந்ததுதான். அந்தப் பயணத்தில் இயற்கையைப் பார்க்க வசதிப்படவில்லை.

ரூபன் மறுக்காமல் அழைப்புக் கடிதம் அனுப்பினான். கொழும்பில் விசாவுக்கு விசாரித்தவர்கள், திரும்பி வருவீர்களா என்று மூன்று விதமாகக் கேட்டார்கள். உங்களுடைய குளத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன் என்று மூன்று தடவையும் அக்கா ஒரே விதமாகச் சொன்னார். ஊரிலோ கேள்வியே இல்லை. கமலாசனி போனால் போனதுதான் என்று முடிவாகிவிட்டது. வன்னியிலிருந்து நோர்வேக்குப் போகிறவர் திரும்பி வருவதாவது! கடையை யாருக்கு விடப்போகிறாள் என்றுகூடச் சிலர் பக்குவமாக விசாரித்துப் பார்த்தார்கள். வழியனுப்ப வந்தவர்கள் நோர்வேயிலுள்ள தங்கள் சொந்தங்களுக்கென்று ஆளுக்கொரு பொதியும் கொண்டுவந்தார்கள். ஒடியல் மா, மிளகாய்த்தூள், கருவாடு என்று பெட்டி நிரம்பிவிட்டது. அக்காவின் உடுப்பு கைப்பைக்குள் போனது.

டிசம்பர் கடைசியில் அக்கா நோர்வேயில் இறங்கினார். ஒஸ்லோவுக்கு வடக்கே ஒரு சிறு பட்டணத்தில் ரூபனின் வீடு. எங்கு பார்த்தாலும் வெள்ளை. ஆனால் பார்க்க விட்டால்தானே! பொதி கொடுக்கவென்று ஒரு வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுக்குப் போய்விட்டு இந்த வீட்டுக்குப் போகாவிட்டால் பரம்பரைக்கும் கோபம் என்பதால் அடுத்த வீட்டுக்கும் போனார்கள். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். அந்தக் கணக்கு நோர்வேத் தமிழருக்குப் போய்ச் சேரவில்லை போலும். ஒவ்வொரு வீட்டிலும் திரைச்சீலை இழுத்து மூடியிருந்தது. ஆட்டிறைச்சிக் கறி வந்தது. தொலைக்காட்சியில் தமிழ்நாட்டு மாமியார் ஒருவர் மருமகளைத் திட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெரியபிள்ளையான மகளின் சாமத்திய வீட்டு வீடியோ முழுவதையும் போட்டார்கள்; அதில் பிள்ளை பல்லக்கில் வந்தது. இயற்கை காரின் கண்ணாடிக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கலாசாரம் கண்ணாடிக்கு உள்ளே ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அக்காவின் வடையின் புகழ் பரவிவிட்டது. மாமி வந்த இடத்தில் ஒரு கை வடை சுட்டுத் தரட்டுமே என்று முதலில் கேட்டவள் ரூபனின் மனைவி நிரோஜாதான். நல்ல பிள்ளை, வயோதிபர் இல்லத்தில் வேலை செய்து களைத்து வருகிறவள். அவளுக்குச் சுட்டுக் கொடுத்ததில் அக்காவுக்கு மனவருத்தம் இல்லை. பிறகு போன குசினிகளில் எல்லாம் உளுந்து ஊறப்போட்டபடி அக்காவை வரவேற்றார்கள். ஐயாயிரம் மைல் பறந்து வந்து, மாங்குளத்தில் செய்த அதே வேலையைச் செருப்பில்லாமல் செய்துகொண்டிருந்தார் அக்கா. குளம் எப்போது என்று கேட்கும்போதெல்லாம் ரூபன் அடுத்த கிழமை என்றான். பொங்கல் முடிய என்றான். பிறகு, குளத்தில் என்ன இருக்கிறது மாமி, வெறும் பனிதானே என்றான். இன்னும் ஒரு கிழமையில் விமானம். அந்தக் கதிரை கனவாகவே போய்விடும் போலிருந்தது.

அப்போதுதான் பொங்கல் வந்தது.

பொங்கலன்று முற்றம் தெளிக்காமல் அக்கா வாழ்க்கையில் ஒரு விடியலைக் கண்டதில்லை. சண்டைக்குப் பிறகு முகாமில் இருந்த வருடம்கூடக் கூடாரத்து வாசலில் உள்ளங்கை குவித்து ஒரு சிரங்கை தண்ணீர் தெளித்தவர். ஆகவே வீடு எழும்ப முன்னரே எழும்பி, தலை முழுகி, சாணத்துக்கு வழியில்லாததால் ஒரு வாளி தண்ணீரில் மஞ்சள் கரைத்தார். கதவைத் திறந்து, படியிலும் கார் நிற்கும் இடம் வரைக்கும் கை நிறைய அள்ளி அள்ளித் தெளித்தார். தண்ணீர் விழுந்த இடத்திலேயே பளபளவென்று இறுகியது. மெழுகின முற்றம்கூட இவ்வளவு வடிவாக வராது என்று அக்கா திருப்தியோடு உள்ளே வந்து பானைக்கு நூல் சுற்றத் தொடங்கினார்.

வெல்லம் வாங்க மறந்த ரூபன் கார்த் திறப்பைக் கிலுக்கிக்கொண்டு வெளியே ஓடினான். யானைக்கும் அடி சறுக்கும் என்பது பழமொழி. ரூபன் யானை இல்லை என்பதால் இரண்டு காலும் சேர்ந்தே சறுக்கின. கணுக்கால் உடைந்து பிளாஸ்டர் போட்டார்கள். பொங்கலுக்கு வந்த சனம் பின்கதவால் வந்து, அழகான மஞ்சள் பனியை ஜன்னலால் எட்டிப் பார்த்து, முழங்கை வரை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, மாமியைப் பற்றி மெல்லிய குரலில் கதைத்துப் போனது. அக்கா குசினியில் நின்று அழுதார். பெற்ற பிள்ளைபோல இருப்பவனை நல்லநாளும் அதுவுமாக விழுத்திவிட்டேனே என்ற வேதனை உண்மையானது. ஆனால் ரூபனால் இனிக் கார் ஓட முடியாது, நிரோஜாவுக்குப் பனியில் ஓடப் பயம், ஆகவே இனி எந்த வீட்டுக்கும் போகத் தேவையில்லை என்று மனதின் இன்னொரு மூலை அந்த அழுகைக்குள்ளேயே கண்டுபிடித்துவிட்டது.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி பெரிட் ஒரு வாளியோடு வந்தாள். அக்காவின் வயதுதான் இருக்கும். வாளிக்குள் மண், வழுக்காமல் இருக்கப் பனியில் போடுவார்களாம். அவள் அதைக் கைநிறைய அள்ளி வாசலில் வீசுவதைப் பார்த்த அக்காவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அப்படியே முற்றம் தெளிக்கிற கை. பனி ஏன் மஞ்சள் நிறம் என்று பெரிட் கேட்டாள். நிரோஜா வெட்கத்தோடு நடந்ததைச் சொல்லி முடிக்க, பெரிட் வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு அக்காவைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு இங்க என்ன பாக்க விருப்பமெண்டு கேக்கிறா, மாமி," என்றாள் நிரோஜா.

அந்த நாட்டில் இறங்கிய நாள்முதல் அக்காவிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. உறைந்த குளம் என்று அக்கா சொன்னார். கதிரையையும் மறக்காமல் சொன்னார். பெரிட்டுக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. சனிக்கிழமை தான் மீன் பிடிக்கப் போவதாகவும், இன்னொரு கதிரை காரில் கிடப்பதாகவும் சொல்லிவிட்டுப் போனாள். சோபாவில் காலைத் தூக்கி வைத்திருந்த ரூபன்தான் துள்ளினான். மாமிக்குச் சளி பிடிக்கும் என்றான், பனி வெடிக்கும் என்றான், ஒன்று நடந்தால் ஊருக்கு யார் பதில் சொல்வது என்றான்.

"தம்பி, நீ காலை ஆட்டாமல் படு," என்றார் அக்கா. "நான் போயிட்டு வாறன்."

குளக்கரையில் முதல் அடி வைக்க அக்காவின் கால் மறுத்தது. பெரிட் கையைப் பிடித்தாள். நடு வழியில் குளம் அடித்தொண்டையால் ஒருமுறை முனகியது. அக்கா தெரிந்த தெய்வங்களோடு யூலிற்றாவின் ஆண்டவரையும் சேர்த்துக் கூப்பிட்டார். பெரிட் துளையிட்டு, தூண்டில் போட்டு, மடக்குக் கதிரையை விரித்து, இருக்கச் சொல்லிக் கைகாட்டினாள். அக்கா இருந்தார். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. கரையில் கறுத்த மரங்கள். ஒரு சத்தம் இல்லை. பெரிட் குடுவையிலிருந்து கோப்பி ஊற்றி அவர் கையில் தந்தாள். அப்போது அக்காவுக்குக் கண் கலங்கியது. பதினைந்து வயதில் அடுப்புக்கு முன் நிறுத்தப்பட்டவர், கதிரையில் தான் இருக்க இன்னொருத்தி ஊற்றித் தந்து குடிப்பது இதுதான் முதல் தடவை. நல்ல சந்தோசமாக இருந்தது. அவ்வளவு சந்தோசத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்கா கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானத்துக்கு முதல்நாள் ரூபன், இங்கேயே நில்லுங்கோ மாமி, அகதியென்று ஒரு கேஸ் எழுதிப் பார்க்கலாம் என்றான். பார்க்க வந்ததைப் பார்த்தாயிற்று என்று அக்கா பெட்டியைப் பூட்டினார்.

மாங்குளத்தில் அவரைக் கண்ட சனத்துக்கு வாய் அடைத்துப்போனது. பிறகு திறந்தது. பிடித்து அனுப்பிவிட்டார்கள் என்றது ஒரு வாய். விமான நிலையத்தாலேயே திருப்பிவிட்டார்களாம் என்றது இன்னொன்று. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா! செத்தவீட்டுக்கு வருவதுபோல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். கவலைப்படாதையுங்கோ, அடுத்தமுறை கனடாவுக்குப் பாருங்கோ என்று ஆறுதல் சொன்னார்கள். பனி எப்படி இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அக்காவும் வடை சுட்டபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

மூன்றாம் நாள் யூலிற்றா மீன்பெட்டியோடு வந்தாள். அக்காவையும் கலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதிரை போட்டு இருந்தனீங்களோ?"

"ஓம்."

"மீன்?"

"ஒண்டு. உள்ளங்கையளவு. முதுகிலை கறுத்த கோடு."

யூலிற்றா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு யோசித்தாள். "அந்தக் குளிருக்கை கிடந்ததெண்டால் சதை இறுக்கமா இருக்கும். குழம்பு வைச்சவையோ, பொரிச்சவையோ? இருந்து சொல்லுங்கோ, கமலக்கா."

அக்கா அடுப்பைத் தணித்தார். கடைக்கு முன்னால் இரண்டு கதிரை இழுத்துப் போட்டு, ஒன்றில் யூலிற்றாவை இருத்தி, மற்றதில் தான் இருந்தார். குளம் முனகின இடத்துக்குக் கதை வந்தபோது, உள்ளேயிருந்து ஒருவர் தேத்தண்ணி கேட்டார்.

"கேத்தில் அடுப்பிலை கிடக்கு," என்றார் அக்கா, திரும்பாமலே. "ஊத்திக் குடியுங்கோ."