எறும்பு என்று கூப்பிட்டால் திரும்புவாள்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது எனக்கு நடந்தது, அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்று நினைத்திருந்த ஆள் நான்.

என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. கோபம் வந்தால் கடிப்பாள், பிடித்துப்போனாலும் கடிப்பாள். அதனால் வீட்டில் அவளுக்கு எறும்பு என்று பெயர். காரில் அவளுடைய குழந்தை சீட்டின் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். விபத்தில் பெரியவர்கள் மயங்கிவிட்டால், மீட்க வருகிறவர்களுக்குக் குழந்தை யாரென்று தெரிய வேண்டுமல்லவா? அவள் பெயர், ரத்தப் பிரிவு, என் போன் நம்பர் எல்லாம் எழுதி, கடைசி வரியாக, 'எறும்பு என்று கூப்பிட்டால் திரும்புவாள்' என்றும் சேர்த்தேன். பயந்துபோன குழந்தை வீட்டுப் பெயருக்குத்தான் அடங்கும்.

ஒரு நாள் பின்னாலிருந்து லாரி இடித்தது. எல்லோருக்கும் சிராய்ப்போடு போயிற்று. மகளை வெளியே தூக்கிய மீட்புப் படைக்காரர் சீட்டைத் தட்டிப் பார்த்தார். உள்ளே விரிசல். "இத இனி யாருக்கும் குடுத்துடாதீங்கம்மா. பட்டைய வெட்டி, உடைச்சுப் போட்டுடுங்க. இன்னொரு இடி தாங்காது" என்றார்.

அந்த வேலையை என் தங்கையிடம் விட்டேன். கூடப் பிறந்தவள், நான் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள். "உடைச்சாச்சுக்கா" என்றாள்.

அதன் பிறகு மகள் கடிப்பதை நிறுத்திவிட்டாள். நல்ல பிள்ளையாகிவிட்டாள் என்று எல்லோருக்கும் சந்தோஷம். எறும்பு என்று கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை. அதிர்ச்சிதான், போகப் போகச் சரியாகும் என்றார் டாக்டர். நானும் விட்டுவிட்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு மதியம். மகள் என் எதிரில் தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். போன் அடித்தது.

"பதறாதீங்கம்மா. மீட்புப் படையிலேருந்து பேசுறேன். கார் கவுந்துடுச்சு, ஆனா உங்க பொண்ணு நல்லா இருக்கா. ஸ்டிக்கர்ல உங்க நம்பர் இருந்துச்சு."

"ராங் நம்பர் சார். என் பொண்ணு இங்க இருக்கா."

"எறும்புன்னு எழுதியிருக்கே. கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாளே..."

எழுதியது நான்தான். உடைத்துப் போட்ட சீட்...

"ஆ... கடிக்கிறாம்மா. நீங்களே பேசுங்க."

கர்ர்ர்... தகரம் அறுக்கும் சத்தம். அது நின்றது. பிறகு மூச்சு... சின்ன மூச்சு...

"அம்மா."

என் மகளின் குரல். பெற்றவளுக்குத் தெரியாதா?

"நான் இன்னும் சீட்லதான் இருக்கேன்."

அழுகை இல்லை. நான் ஏமாற்றிவிட்டது போல ஒரு கோபம்...

"நீ யாரத் தூக்கிட்டுப் போன?"

போன் கட்டாகிவிட்டது.

மகள் காதில் விழாமல் மாடிக்கு ஓடிப் போய்த் தங்கைக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினாள். பிறகு, "நல்ல சீட்டுக்கா, வீணாப் போகுதேன்னு ஆபீஸ்ல ஒருத்திக்குக் குடுத்தேன். அடிபட்டதான்னு கேட்டா. இல்லன்னேன்" என்றாள். ஒரே கட்டிலில் படுத்து வளர்ந்தவள். என் முகத்தைப் பார்த்து, வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறாள். அன்றோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

மறுநாள், போனில் பேசிய அந்த மீட்புப் படைக்காரரை நேரில் போய்ப் பார்த்தேன். மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். காரில் இருந்தது ஒரே குழந்தைதானாம். எட்டு மாதப் பையன். பட்டை அறுந்து சீட்டுக்குக் கீழே விழுந்து கிடந்தவன், எப்படியோ பிழைத்துவிட்டான். இவர் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிப் போய் ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார். அப்படி யாரும் ஏறவில்லை என்கிறார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள்.

"அப்ப நான் தூக்கினது யாரும்மா?" என்று என்னையே கேட்டார்.

வீட்டில் இதைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. சாயங்காலம், தலை நிமிராமல் படம் வரைந்துகொண்டே மகள் கேட்டாள்.

"அம்மா, சித்தி அத உடைக்கலையா?"

நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"உடைச்சிட்டேன்னு எங்கிட்டயும் சொன்னாங்களே..."