வேட்டி கட்டிய மோட்டார் சைக்கிள்

சிட்னியில் பனி கொட்டுவதில்லை. குளிர்காலம் வந்தால் காலையில் புல் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவுதான். ஆகவே என் மோட்டார் சைக்கிளைக் குளிர்காலம் முழுக்கக் கட்டி வைக்கப் போகிறேன் என்றபோது கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். என் வலது மணிக்கட்டில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. வசந்தம் வரும்வரை ஹாண்டிலைத் தொடவே கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஐம்பதை நெருங்கும்போதுதான் நான் ஓட்டப் பழகினேன். வீடு டூங்கபியில், வேலை செவன் ஹில்ஸில், மருந்துப் பெட்டிகள் அடுக்கும் ஒரு கிடங்கில் மேற்பார்வை. பெரிய தூரமில்லை. ஆனால் நாள் முழுக்க யாரும் என்னிடம் எதையும் கேட்காத நேரம் அந்தத் தூரம் மட்டும்தான். வீட்டில் சாப்பாடு என்ன என்று கேட்பார்கள், கிடங்கில் லொறி எப்போது என்று கேட்பார்கள். ஹெல்மெட்டுக்குள் தலையை விட்டுவிட்டால் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. அப்பாடா!

என் கணவருக்கு அந்த வண்டியைக் கண்ணில் காட்டக்கூடாது. வாங்கிய நாளிலிருந்து ஒருதரம்கூடப் பின்னால் ஏறி இருந்ததில்லை. பயம் என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார். "உதுக்குச் சத்தம் மெத்தக் கூட" என்பார். ஆனால் நான் வேலைக்குப் புறப்பட்டால், அந்தச் சத்தம் தெருமுனையில் அடங்கும்வரை வாசலில் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்.

கை கட்டுப்போட்டுக் கிடந்ததால் வண்டி வேலை எல்லாம் அவர் தலையில் விழுந்தது. நான் கராஜ் வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு இடது கையால் கட்டளையிட்டேன். கழுவினார், துடைத்தார், செயினுக்கு எண்ணெய் பூசினார். எலி போகாமல் புகைக்குழாய்க்குள் துணி அடைத்தார். முகத்தை மட்டும் விளக்கெண்ணெய் குடித்ததுபோல் வைத்துக்கொண்டார். கடைசியில் மூடுவதற்குப் பெரிய பிளாஸ்ரிக் விரிப்பு ஒன்றைத் தூக்கி வந்தார்.

"பிளாஸ்ரிக் வேண்டாமப்பா. உள்ளுக்க வேர்த்து இரும்பில கறள் பிடிச்சுப் போடும். பருத்தித்துணி வேணும்."

"பருத்திக்கு நான் இப்ப எங்க போறது?"

"உங்கட பழைய வேட்டி ஒண்டு தாங்கோவன்."

"என்ர வேட்டியோ? விசரே உமக்கு? கோயிலுக்குக் கட்டுற வேட்டியை மோட்டச்சைக்கிளுக்குக் கட்டச் சொல்றீர்!"

சிரித்துச் சிரித்து எனக்குக் கையே நொந்தது. அவருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்ததைக் கண்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் வாயை விட்டேன்.

"சரி, இனி கலனில பெற்றோல் வாங்கிக்கொண்டு வந்து டாங்க் நிரம்ப விட்டால் வேலை முடிஞ்சுது."

"ஏன் நிரம்ப? நிக்கிற வண்டிக்கு என்னத்துக்குப் பெற்றோல்?"

"டாங்க் வெறுமையாக் கிடந்தால் உள்பக்கம் கறள் ஏறும்."

அவர் வண்டியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த காஸ் அடுப்பைப் பார்த்தார்.

கராஜில் கார் விடுகிற தமிழ்க் குடும்பத்தை இந்தப் பக்கத்தில் நான் இன்னும் காணவில்லை. எங்கள் கராஜில் அரிசி மூட்டையும் பெரிய சட்டிகளும் இருக்கும். நடுவில் காஸ் அடுப்பு இருக்கும். வீட்டுக்குள் மீன் பொரித்தால் கார்ப்பெட் ஒரு கிழமைக்கு நாறும் என்று குசினிக்குள் மீன் பொரிப்பதைத் தடைசெய்தவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கராஜுக்குள் இறங்கினால், பிறகு அது அவருடைய ராச்சியம். வானொலியைப் பாடவிட்டு, சூடை மீனை மொறுமொறுவென்று பொரித்தெடுப்பார்.

"நிரம்பின பெற்றோல் டாங்குக்குப் பக்கத்தில நான் அடுப்பு மூட்டி மீன் பொரிக்கிறதோ? வீட்டோட போய்ச் சேருவம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் சொன்னது பிழையாக இருந்திருந்தால் நன்றாகச் சண்டை பிடித்திருப்பேன். சரியாகச் சொல்லித் தொலைத்துவிட்டாரே! வண்டியை வெளியே விட்டால் பனியீரத்தில் கெட்டுப்போகும். அடுப்பைக் குசினிக்குள் விட்டால் என் சட்டத்தை நானே மீற வேண்டும். வெளியே முற்றத்தில் பொரியுங்கள் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்குக் குளிர் ஆகாது. குளிர்காலம் தொடங்கும் முன்பே, மே மாதத்திலேயே, காதை மூடித் தொப்பி போட்டுவிடுகிற மனுஷன்.

"அப்ப வித்துப் போடும். இந்த வயசில கையும் இப்பிடி ஆன பிறகு உது என்னத்துக்கு?" என்றார்.

அன்றைக்கே மெல்பேர்னில் இருக்கிற மகளுக்கும் போன் போனது. "அம்மா, ஜஸ்ட் செல் இட்!" என்றாள் அவள். அப்பனும் மகளும் கதைத்து வைத்துக்கொண்டார்களோ என்னவோ.

அந்தக் கிழமை முழுக்க நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ரயிலில் போய் வந்தேன். ஜன்னலோரம் இருந்து தெருவில் போகிற மோட்டார் சைக்கிள்களையே பார்த்தேன். வண்டி ஒருதரம் கைவிட்டுப் போனால் இன்னொன்று வாங்க யாரும் என்னை விடமாட்டார்கள், எனக்கும் அந்தத் துணிவு வராது. உண்மையைச் சொன்னால், அழுகை வந்தது. அதையும் அடக்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலை கோபத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தேன். மீன் பொரிகிற வாசம் வந்தது. அட கடவுளே, வண்டிக்குப் பக்கத்தில் மூட்டிவிட்டாரே மனுஷன்! செருப்புக்கூடப் போடாமல் கராஜுக்கு ஓடினேன்.

அடுப்பு இருந்த இடம் கூட்டித் துடைத்துக் கிடந்தது. அங்கே வண்டி ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றது. மேலே வேட்டி, பழையதுகூட இல்லை, கரை போட்ட நல்ல வேட்டி. பற்றரி சார்ஜரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடது கையால் வேட்டியை விலக்கி டாங்க் மூடியைத் திறந்தேன். கழுத்து வரை பெற்றோல் இருந்தது.

பின்முற்றத்துக்குப் போனேன். ஊசிக்காற்று. எலுமிச்சை மரத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரத்தைக் காற்றுக்கு மறைவாகக் கட்டி, அதற்குள் அடுப்பு. அதன் முன்னால் என் கணவர். கீழே சாரம். மேலே நான் வண்டி ஓடும்போது போடுகிற தோல் ஜாக்கெட், கழுத்துவரை இழுத்துப் பூட்டியபடி. தலையில் என் ஹெல்மெட்!

"கிட்ட வராதையும். எண்ணெய் தெறிக்கும்" என்று ஹெல்மெட்டுக்குள் இருந்து குரல் வந்தது.

"ஐயோ, என்னப்பா இது கோலம்?"

"குளிருது. நீர் சிரிக்காதையும்." ஒரு மீனைப் புரட்டிப் போட்டார். "இதுக்குள்ள நல்ல சூடப்பா. சத்தமும் கேக்குதில்லை."

"விக்கச் சொன்னீங்கள்?"

"சொன்னனான்தான். நீர் இந்தக் கிழமை ரயிலால இறங்கி வாற முகத்தைப் பாத்தன். அந்த முகத்தோட நான் இருக்க ஏலாது."

அவர் ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பொரிந்த மீன் ஒன்றை ஊதி என் இடது கையில் வைத்தார்.

"கை சுகமானாப் பிறகு வென்ட்வேர்த்வில் கடைக்கு மீன் வாங்கப் போவம். நான் பின்னால இருக்கிறன்" என்றார். பிறகு ஹெல்மெட்டைத் தட்டிக் காட்டினார். "இது எனக்கு அளவாக் கிடக்கு. நீர் உமக்கு வேறை ஒண்டு வாங்கும்."