விட்டுவைத்த இலை

ஹலோ அக்காவுக்கு அந்தப் பட்டப்பெயர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தபோது ஒட்டிக்கொண்டது. டிரங்க் கால் போட்டுத்தான் வெளியூரோடு பேச முடியும் என்றிருந்த காலத்தில் ஊரில் பாதிப் பேருக்கு அவருடைய குரல் தெரியும், முகம் தெரியாது. "லைன் கிடைச்சிருச்சு, பேசுங்க" என்று இணைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். பேச்சு நின்ற மாதிரித் தெரிந்தால், "பேசி முடிச்சாச்சா?" என்று ஒருமுறை கேட்பார். பதில் வராவிட்டால்தான் ஒயரைப் பிடுங்குவார். டீ குடிக்கப் போவதற்காக "லைன் பிஸி" என்று கதை விடும் சாமர்த்தியசாலிகள் அங்கே இருந்தார்கள். அக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் கடைசிவரை வரவில்லை. பொய் சொல்லப் போனால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்று, அண்ணனும் போய்ச் சேர்ந்த பிறகு, வீட்டில் அவரும் ஒரு டெலிபோனும்தான். அண்ணன் மகன் எப்போதாவது கூப்பிடுவான். "அத்தை, நல்லா இருக்கீங்களா? மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்கறீங்களா? சரி, வெச்சிடறேன்." எல்லாம் ஒரே மூச்சில் முடிந்துவிடும். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. அவன் வைத்த பிறகு, "போட்டுக்கறேம்ப்பா" என்று அக்கா சுவரைப் பார்த்துச் சொல்வார்.

வீட்டுக்குப் பின்னால் பூசணி போட்டது பொழுது போவதற்காக. கொடி மளமளவென்று படர்ந்து ஒரு பிஞ்சும் பிடித்தது. அப்புறம்தான் விருந்தாளிகள் வந்து சேர்ந்தார்கள். நகத்தளவு, மண் நிறத்தில், தட்டையான பூச்சிகள். நசுக்கினால் குமட்டும். கூடவே இலையைச் சல்லடையாக்கும் சிவப்பு வண்டுகள். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விதைப் பொட்டலத்தின் பின்பக்கம், சந்தேகம் கேட்க என்று கம்பெனியின் போன் நம்பர் அச்சாகியிருந்தது. கூப்பிட்டார்.

"வணக்கம், சொல்லுங்கம்மா" என்றது ஓர் இளம்பெண்ணின் குரல்.

அக்கா சொன்னார். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டாள். அதுவே பெரிய விஷயம்.

"அது சாறு உறிஞ்சுற பூச்சிம்மா. இலையத் திருப்பிப் பாருங்க, அடியில செம்பு நிறத்துல முட்டை கும்பலா இருக்கும். விரல்ல டேப்பைச் சுத்திக்கிட்டு, ஒட்டுற பக்கத்தால ஒத்தி எடுத்துடுங்க. பூச்சியையும் வண்டையும் பிடிச்சு சோப்புத் தண்ணில போடுங்க. சாயங்காலம் கொடிக்குப் பக்கத்துல ஒரு பலகையப் போட்டு வைங்க. ராத்திரி பூச்சியெல்லாம் அதுக்கடியில வந்து ஒண்டிக்கும். காலையில திருப்பினா மொத்தமா மாட்டும்."

"பரவாயில்லையே, அதுங்களுக்காவது ராத்திரி துணைக்கு ஆள் இருக்கு."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். போகிற போக்கில், "நீங்க சாப்பிட்டீங்களாம்மா?" என்று வேறு கேட்டுவைத்தாள். அன்று முழுக்க அக்கா அந்தக் கேள்வியை மனசுக்குள் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இலை இலையாகத் திருப்பினார். எத்தனை சிக்கியது என்று தினமும் போனில் ஒப்பித்தார். அவளும் பஸ்ஸில் எப்படி நசுங்கினாள், வேலை இன்னும் நிரந்தரமாகாதது வீட்டில் எப்படிப் பேச்சாகிறது என்றெல்லாம் சொல்வாள். ஒருநாள் காலையில் பலகையைத் திருப்பினால் அடியில் வெறும் ஈரமண். அக்காவுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பூச்சி இல்லையென்றால் எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

வேறொருத்தியாக இருந்தால் இல்லாத பூச்சியை இருக்கிறதென்று அளந்திருப்பாள். அக்காவால் முடியாது. மறுநாள் சுவரோரத்து இலை ஒன்றின் அடியில் புதிதாக முட்டைகள் கிடந்தன. டேப் சுற்றிய விரலை மடக்கிக்கொண்டு, இலையைப் பழையபடி விட்டுவிட்டார். "இன்னும் இருக்கும்மா" என்று அன்று போனில் சொன்னது சத்தியமான வார்த்தை.

தனிமைதான், வேறு பெயர் வைத்து மழுப்ப வேண்டாம். துணைக்கு நாய் வளர்க்கிறவர்கள் உண்டு, பூனை வளர்க்கிறவர்கள் உண்டு. இந்த அம்மாள் பூச்சி வளர்த்தார்.

வளர்த்தவரின் மனசு பூச்சிக்குத் தெரியுமா? முட்டை பொரிந்து, இலை விட்டு இலை பரவி, கொடியின் ஒரு பக்கம் வெந்நீர் ஊற்றிய மாதிரி துவண்டது. பிஞ்சு பெருக்காமல் அப்படியே நின்றது. அக்கா பார்த்ததைப் பார்த்தபடி போனில் சொன்னார். விட்டுவைத்ததை மட்டும் சொல்லவில்லை.

மறுமுனையில் குரல் சுருங்கியது. "நான் சொன்னதுலதான் ஏதோ தப்பும்மா. ஒரே நம்பர்லேர்ந்து இத்தனை கால் வருதே, உன் யோசனை எதுவும் பலிக்கலையான்னு சூப்பர்வைசர் கேட்டார். நாளைக்கு அவரே உங்ககிட்ட பேசப்போறார். வேலைய நிரந்தரமாக்குற நேரம்... பரவாயில்லம்மா. நீங்க இருக்கிறத இருக்கிறபடி சொல்லிடுங்க."

அக்காவுக்குச் சுருக்கென்றது. தன் பேச்சுத்துணைக்காக ஒரு பெண்ணின் பிழைப்பில் அல்லவா கை வைத்திருக்கிறோம்!

சோப்புத் தண்ணீர் வாளியும் டேப்புமாகப் போய் மண்டியிட்டார். சுவரோரத்து இலையைக் காம்போடு கிள்ளி முதலில் முக்கினார். வெளிச்சம் இருக்கிறவரை மற்ற இலைகளைத் துழாவினார். பலகையைப் போட்டு வைத்து, காலையில் சிக்கியதையும் வாளியில் தள்ளினார். முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. கொடியில் ஒரு பூச்சிகூட மிச்சமில்லை.

சூப்பர்வைசர் கூப்பிட்டபோது பழைய எக்ஸ்சேஞ்ச் குரல் தானாக வந்தது. "அந்தப் பொண்ணு சொன்னது அத்தனையும் சரிங்க. நான்தான் ஒரு இலைய வேணும்னே விட்டுட்டேன். இப்ப ஒரு பூச்சி கிடையாது."

"வேணும்னேவா? ஏம்மா?"

"வயசாயிடுச்சுங்க" என்றார் அக்கா. அதுவும் பொய்யில்லை.

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "அம்மா, ரொம்ப தேங்க்ஸ்மா! வேலை போயிடுமோன்னு ராத்திரி தூக்கமே இல்ல. இப்பதான் உயிர் வந்துச்சு. அப்பாடா, இனிமே நீங்க கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது!"

"இருக்காதும்மா."

"காய் நல்லா வரும் பாருங்க. அடுத்த கால் வருது, வெச்சிடறேன்."

மறுமுனை அடங்கியது. அக்கா ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொடியில் பாதி பச்சையாக இருந்தது.

"பேசி முடிச்சாச்சா?" என்று கேட்டார்.

பதில் வரவில்லை. வைத்துவிட்டார்.