கடல் தாண்டிய பூனை

கண்டோன்மெண்ட்டில் ஒரு சிறுவர் மாதப் பத்திரிகைக்கு நான் புரூஃப் பார்த்துவந்த காலத்தில், மாதம் தவறாமல் கதை கொண்டுவருவார் அவர். மைசூர் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. சரிகைத் தலைப்பாகை, நெற்றியில் நாமம், கையில் வெள்ளிக் கூஜா. எங்கள் அச்சாபீஸ் தண்ணீரைத் தொடமாட்டார்.

அவர் கதைகளில் வரும் துப்பறியும் பூனையும் அப்படித்தான். லண்டனில் திருட்டு எலியைத் துரத்திப் பிடித்துப் போலீசில் ஒப்படைக்கும். ஆனால் தன் கூஜாத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காது. பாரிசிலும் தயிர்சாதம்தான். பிள்ளைகளுக்கு அந்தப் பூனை என்றால் உயிர்.

"பூனை எப்ப வீட்டுக்குத் திரும்பும்னு பசங்க லெட்டர் மேல லெட்டர் போடறாங்க, சார்" என்றேன் ஒருநாள்.

"எப்படிங்காணும் ஆத்துல சேத்துக்கறது? கடல் தாண்டிடுத்தே!"

"பிராயச்சித்தம் பண்ணிட்டா ஆச்சு."

"ஊர் என்ன சொல்லும்?" என்றார், பூனையின் ஊராரை நேரில் அறிந்தவர் போல.

அவருடைய ஒரே மகன் லண்டனில் படித்துத் திரும்பி, அல்சூரில் தனியாக அறை எடுத்துத் தங்கியிருந்தான். பத்திரிகை வெளியாகும் நாளில் எங்கள் வாசலில் முதல் ஆளாக நிற்பான். பிரதியை வாங்கி, நின்றபடியே அப்பாவின் கதையில் கடைசிப் பக்கத்தைப் பார்ப்பான். "இன்னும் ஆத்துக்கு வரலையா?" என்று சிரித்துவிட்டுப் போவான்.

அடுத்த கதையைக் கொடுக்கும்போது அவர் கூஜா மூடியைத் திருகிக்கொண்டே கேட்பார்: "அவன் வந்து வாங்கிண்டு போனானா?"

"போனார், சார்."

"சரி. இந்த மாசம் பூனை ரோமுக்குப் போறது."