அப்பாவை அழித்தால் பிள்ளைகளும் போவார்கள்

தொண்ணூறுகளில் குரோம்பேட்டையில், ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு மாடியில் இருந்த கல்யாணத் தகவல் நிலையத்தில் எனக்கு வேலை. சாயங்காலம் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் வகுப்பு. நிலையத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். ஜாதகக் கட்டுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று நானேதான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

தகவல்களைச் சேமிக்கும் எஸ்.க்யூ.எல். என்ற கம்ப்யூட்டர் மொழியில் மூன்று அட்டவணைகள் போட்டேன். ஒன்றில் அப்பாக்கள், அடுத்ததில் அவர்களுடைய பிள்ளைகள், மூன்றாவதில் எந்தப் பிள்ளையின் ஜாதகம் எந்த வீட்டுக்குப் போயிருக்கிறது என்ற விவரம். மூன்றும் ஒன்றோடொன்று கோத்தவை. அப்பாவின் பதிவு இல்லாமல் பிள்ளையைச் சேர்க்க முடியாது. பிள்ளைகள் பதிவில் இருக்கும்வரை அப்பாவை அழிக்கவும் முடியாது, கம்ப்யூட்டர் மறுத்துவிடும்.

டீச்சருக்கு அது பொறுக்கவில்லை. நிச்சயம் முடிந்து பெண் வீட்டார் இனிப்போடு வந்தால், அவர்கள் கண் எதிரிலேயே பதிவைத் தன் கையால் எடுப்பது அவர் பழக்கம். முன்பெல்லாம் கட்டிலிருந்து ஜாதகத்தை உருவி மஞ்சள் தடவிக் கொடுப்பார். இப்போது அதே சம்பிரதாயம் கீபோர்டில்.

"நல்ல காரியம் நடந்திருக்கு, இது என்னம்மா முடியாது முடியாதுன்னு அபசகுனமா சொல்லுது? ஒரே தட்டுல எல்லாம் போகணும்."

சரி என்று 'கேஸ்கேட்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்தேன். இனி அப்பாவை அழித்தால் பிள்ளைகளும், அவர்களைச் சேர்ந்த விவரங்களும் தானாகவே கூடப் போய்விடும். வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால் அந்தப் பெண்ணின் பதிவை மட்டும் எடுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். டீச்சரும் தலையாட்டினார். ஆனால் அவருக்கு அப்பாக்களைத்தான் தெரியும். 'அஸ்தினாபுரம் போஸ்ட் ஆபீஸ் சார்' என்றுதான் ஒரு குடும்பமே அவர் மனதில் இருக்கும்.

அந்த போஸ்ட் ஆபீஸ் சார் என் அப்பா. அக்காவையும் என்னையும் அவர் சேர்த்தே பதிந்திருந்தார். அக்காவுக்கு முடியும்வரை என் ஜாதகம் யாருக்கும் போகாது. அவளுக்கு நிச்சயமானபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்தது நான். படிப்பை முடித்து ஒரு கம்பெனியில் வேலைக்குப் போக வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. வீட்டில் சொல்லத்தான் துணிச்சல் இல்லை.

அப்பாவும் அம்மாவும் லட்டோடு வந்தார்கள். நான் தட்டு எடுக்க உள்ளே போன நேரத்தில், டீச்சர் பழக்க தோஷத்தில் அப்பாவின் பெயரைத் தேடி அழித்துவிட்டார். 'ஒரு பதிவு நீக்கப்பட்டது' என்றது திரை. கூடப் போனவர்களைப் பற்றி அது மூச்சு விடாது.

"அடுத்தது சின்னவளுக்குப் பாருங்க டீச்சர்," என்றார் அப்பா, நான் தட்டோடு திரும்பியபோது.

டீச்சர் என் பெயரைத் தேடினார். இல்லை. அப்பாவின் பெயரும் இல்லை.

"ஐயையோ, சின்னவளையும் சேத்துத் தூக்கிட்டேனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மாவின் முகம் சுருங்கிப்போனது. நல்ல நாளும் அதுவுமாக மகள் அழிந்துபோனாள் என்று கேட்க எந்த அம்மாவுக்குத்தான் பிடிக்கும்?

"நேத்து எடுத்த காப்பி ஃப்ளாப்பியில இருக்கும்ல? திரும்பப் போட்டுடும்மா," என்றார் டீச்சர்.

ஃப்ளாப்பியைக் கையில் எடுத்துவிட்டேன். உள்ளே தள்ள வேண்டியதுதான் பாக்கி. எங்கிருந்துதான் தைரியம் வந்ததோ.

"அப்பா, படிச்சு முடிக்கிற வரைக்கும் நான் இதுல இல்லாமலே இருக்கட்டுமாப்பா? வேலைக்குப் போகணும்பா."

"என்னடி பேச்சு இது?" என்று அம்மா ஆரம்பித்தார். அப்பா கையமர்த்தினார்.

"பதியும்போது பெரியவளைக் கேட்டேன். உன்னைக் கேக்கவே இல்ல," என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "இவளை இப்போ போட வேணாம்," என்றார். நான் ஃப்ளாப்பியைத் திரும்ப உறையில் போட்டேன்.

"அப்புறமா போடணும்னா சார்? உங்க பேருமே போயிடுச்சே," என்றார் டீச்சர், குழம்பிப்போய்.

"என் பேரு எதுக்கு டீச்சர்? அவளுக்கு எப்போ தோணுதோ, அப்போ அவளே வந்து பதிஞ்சுக்கட்டும்."