வாள் வீரனுக்கு நான் கொடுத்த குரல்

படம் தெரிந்தால் கேபிள் டிவிக்காரனிடம் யாரும் பேசமாட்டார்கள், தெரியாவிட்டால் ஊரே பேசும். இந்தத் தொழிலில் அடிபட்ட சக கேபிள்காரர்களான உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சத்தம் எங்கே?

உத்திரமேரூரில் மழை வந்து சிக்னல் இல்லாமல் டிஷ் படுத்துவிட்டால், லோக்கல் சேனலில் கேசட் போடுவேன். ஒருநாள் கைக்குக் கிடைத்தது ஊமைப்படம். பிரெஞ்சு சாகச நாவலை வைத்து எடுத்தது. ராணியின் மானத்தைக் காக்க ஒரு வீரன் வாளோடு கூரைக்குக் கூரை தாவுவான். நான் மெய்ம்மறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது மளிகைக்கடை காதர் பாய் போன் செய்தார்.

"இன்னாபா பேஜாரு? வாய் அசையுது, சத்தத்தக் காணோம். லைன எலி கடிச்சிடுச்சா?"

ராணியும் நானே

அடுத்த மழைக்கு மைக்கை எடுத்து நானே வசனம் பேசினேன். வீரனுக்கும் நான், ராணிக்கும் நான், குதிரைக்கும் நான். அதன்பிறகு மழை வந்தாலே அந்தப் படத்தைத்தான் கேட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக நான் எதற்கோ உதவுகிறேன் என்று தோன்றியது. சந்தா வாங்கப் போனால் வள்ளியம்மா, நடவு முடித்த சேற்றுக்காலோடு வந்து என்னை நிறுத்துவாள்.

"ராணிக்கு சளி புடிச்சிக்கீதுண்ணா. கஷாயம் குடிக்கச் சொல்லு."

சளி அல்ல

தொண்டையில் கட்டி. ஆபரேஷன் செய்தால் குரல் போய்விடலாம் என்றார் டாக்டர். உயிரைப் பற்றிக் கவலைப்படாமல் அந்த வசனங்களை இனி யார் பேசுவார் என்று கவலைப்பட்டேன். நான் என்ன மனிதன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன். லைன்மேன் செல்வம் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே தலைகுனிந்து நின்றான்.

"கம்முனு இருன்னு உன்ன எத்தினியோ தபா சொல்லிக்கீறேன்ணா. அது இதுக்கில்ல."

மறுபடி மழை

குரல் போனது போனதுதான். மழை வந்தது, டிஷ் படுத்தது. படத்தை வெறுமனே ஓட்டிவிட்டு, போன் அடிக்குமென்று பயந்து உட்கார்ந்திருந்தேன். அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. பரிதாபப்பட்டு விட்டுவிட்டார்களா, டிவியையே அணைத்துவிட்டார்களா?

மறுநாள் வள்ளியம்மா வீட்டு வாசலில் டிவியைக் காட்டி, என் தொண்டையைக் காட்டி, கையை விரித்தேன்.

"அதுக்கின்னாண்ணா, உன் வசனம் எங்களுக்கு மனப்பாடமாச்சே. தெருவே எங்க வூட்ல கூடி, நாங்களே பேசிக்கினோம். ராணிக்கு நான். இந்தத் தபா சளி இல்ல."

நான் இல்லாமலும் படம் ஓடும் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தொண்டை செலவாயிற்று.