மருந்து மெல்ல இறங்கிய நாட்கள்

என் மகளுக்கு நாலு வயது இருக்கும்போது நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல் போய்விட்டது. புன்னக்காயலிலிருந்து திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். என் மனைவிக்கு அடுத்த பிரசவம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது. எழுந்து நடக்கவே சிரமப்பட்டாள். அதனால் தீவிர சிகிச்சைப் பிரிவில் பிள்ளைக்குப் பக்கத்தில் நான்தான் இருந்தேன். படகில் வேலை பார்க்கும் எனக்கு, தரை ஆடாத அந்த அறையில்தான் தலை சுற்றியது.

தொண்டையில் குழாய் போட்டு, இயந்திரம்தான் அவளுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது. குழாயைப் பிடுங்கிவிடாமல் இருக்க மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. எனக்குப் பகல் எது, இரவு எது என்று பிடிபடவில்லை. இயந்திரத்தின் மூச்சோடு என் மூச்சும் ஏறி இறங்கியது. நீலத் திரை ஏசிக் காற்றில் அசையும். கண் சொருகும்போது தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருக்கும்.

ஒரு நாள் மயக்க மருந்தைக் குறைத்து, குழாயை எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

மறுநாள் அவள் கை நடுங்கத் தொடங்கியது. வேர்த்து ஊற்றியது. கொட்டாவி மேல் கொட்டாவி, ஆனால் தூக்கமில்லை. மெலிந்த குரலில் ஓயாமல் அழுதாள். குனிந்து, "யம்மா, அப்பா வந்திருக்கேன் பாரு" என்றேன். என் முகத்தைத் தாண்டி எதையோ பார்த்து அலறினாள். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தேன்.

பகலில் பார்த்துக்கொண்ட நர்ஸ் நாங்குநேரிப் பக்கத்துக்காரர். "பயப்படாதீங்க அண்ணே. இத்தன நாளு மருந்து ஓடுச்சுல்லா, ஒடம்பு அதுக்குப் பழகிட்டு. கொறைக்கும்போது இப்படித்தான் தேடும். பைய சரியாயிரும்" என்றார்.

அந்த நடுக்கம் எனக்குத் தெரிந்ததுதான். என் அப்பா சாராயத்தை நிறுத்தியபோது அவர் கையும் இப்படித்தான் ஆடியது. "அப்ப எம் புள்ளைய போதைக்குப் பழக்கிட்டியளா?" என்று கத்திவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அது வேற, இது வேற அண்ணே. பாப்பா ஆசப்பட்டா கேக்கா? உயிரக் காப்பாத்தக் குடுத்த மருந்து. கொஞ்சங் கொஞ்சமா கொறச்சா ஒடம்பு மறந்துரும்" என்றவர், அவள் கையைப் பிடித்துப் பார்த்தபடி கேட்டார்: "நல்லா இருக்கும்போது பாப்பா எப்படி அழுவா? அது உங்களுக்குத்தான தெரியும்."

யோசித்துச் சொன்னேன். பசித்தால் காதை இழுப்பாள். தூக்கம் வந்தால் மூக்கைத் தேய்ப்பாள். வலித்தால் அம்மாவைக் கூப்பிடுவாள். "இந்த அழுக ஒண்ணுலயும் சேரல" என்றேன்.

அவர் நடுக்கத்தையும் வேர்வையையும் மறுபடி பார்த்துவிட்டு டாக்டரை அழைத்தார். குறைத்த வேகம் அதிகம் என்று டாக்டர் சொல்ல, மருந்தை முந்தைய அளவுக்கே ஏற்றி, அங்கிருந்து இன்னும் மெதுவாக இறக்கினார்கள். விளக்கைத் தணித்து, கட்டில் பக்கம் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் அழுகை ஓய்ந்தது. கூரையை நோக்கிக் கையை நீட்டி, "யப்பா, மேல மீனு போவுது" என்றாள். குழாய் எடுத்தபின் அவள் பேசிய முதல் பேச்சு. நான் நர்ஸைப் பார்த்தேன்.

"இல்லன்னு சண்ட போடாதீங்க, ஆமான்னும் சொல்லாதீங்க. கூட இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க."

"அப்பா இங்கன இருக்கேன்" என்றேன். உள்ளங்கையை அவள் நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் எப்படி நிறம் மாறும், கொக்குகள் எங்கே நிற்கும் என்று மெல்லப் பேசினேன். பேசப் பேச என் குரலே எங்கோ தூரத்தில் கேட்டது. கண்ணை மூடினேனா, தெரியாது. வெள்ளைக் கூரையில் வெள்ளி வெள்ளியாக ஒரு கூட்டம் நகர்வதை நானும் பார்த்தேன். பயமாக இல்லை.

அப்படியே நாட்கள் போயின. மருந்தைக் குறைக்கும் நாளெல்லாம் கொஞ்சம் நடுங்குவாள், பிறகு அடங்குவாள். ஒரு காலையில் விழித்து, என் முகத்தையே வெகுநேரம் பார்த்து, "ஏம்ப்பா தாடி?" என்றாள். தாடியைத் தடவியபடி அழுதேன். நர்ஸ் திரைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வீட்டுக்கு வந்தபிறகும் சில வாரம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவாள். நானும் அவள் அம்மாவும் மாறி மாறி மடியில் போட்டுக்கொண்டோம். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஆஸ்பத்திரியில் என்ன செய்தாய் என்று யாராவது கேட்டால், "தூங்குனேன்" என்கிறாள். நாங்கள் அதைத் திருத்துவதில்லை.